நீலக் கட்டத்தில் ஒன்று

ரெஜிஸ் ஹுடாக் வரிசையில் நின்று வறுத்த மீனை வாங்கிக்கொண்டிருந்தபோது, அவனுடைய இடது முழங்காலுக்குள் ஒரு நாசம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வலி இல்லை. கொப்புளம் இல்லை. துணி உரசிய இடத்தில் லேசாக அரித்தது, அவ்வளவுதான். தட்டைக் கை மாற்றிக்கொண்டு ஒருமுறை சொறிந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முட்டைக்கோஸ் போடச் சொன்னான்.

அன்று பெரிய வெள்ளி. டாரன்ஸ்பர்க் தீயணைப்பு நிலையத்தில் தவக்காலத்தின் கடைசி மீன் விருந்து. வண்டிகள் இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டு, அவை நிற்கிற கொட்டகையில் நீள மேஜைகளைப் போட்டுக் காகிதம் விரித்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. அந்த நிலையத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. குழாய் வேலைக்காரன், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், சவப்பெட்டிக் கடைக்காரன் என்று ஊர் ஆட்களே சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். மீன் விற்ற காசில்தான் வண்டிக்குப் புது டயர் வரும். அதனால் அந்த ஊரில் பெரிய வெள்ளியன்று வீட்டில் சமைப்பவர்களைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

சீட்டு எண் கூப்பிடுகிற மைக் வாண்டாவிடம் இருந்தது. ரெஜிஸின் அக்கா. அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். இப்போது அவனுக்கே தலை வழுக்கை விழுந்துவிட்டது. ஆனாலும் அவன் தட்டில் எவ்வளவு மீன் விழுகிறது என்று ஒரு கண் வைத்திருந்தாள்.

"எழுபத்தி ரெண்டு. ரெண்டு மீன், ஒரு பியரோகி கொழுக்கட்டை. எழுபத்தி ரெண்டு எங்கய்யா போனீங்க? ஆறிப்போச்சுன்னா அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

கூட்டம் சிரித்தது. அந்தக் குரலுக்காகவே ஆறு வெள்ளிக்கிழமையும் அவளைத்தான் மைக்கில் உட்கார வைப்பார்கள். மற்ற நாட்களில் அவள் ஆற்றங்கரையிலிருக்கும் விட்டோரி தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறாள். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைத் தொட்டியில் முக்கி, அழுக்கு நீக்கி, கண்ணாடி போல ஆக்கி அனுப்புகிற சின்னத் தொழிற்சாலை. இருபது பேர் வேலை செய்கிறார்கள். பெரிய வெள்ளிக்கு விடுமுறை. முதலாளி விட்டோரி பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஃப்ளோரிடா போயிருந்தார்.

அந்தப் பூட்டிய கட்டடத்திலிருந்துதான் காலையில் அழைப்பு வந்தது. தபால் கொடுக்க வந்த பெண், பக்கவாட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் போல ஏதோ கசிந்து சிமென்டில் நுரை கட்டுவதைப் பார்த்துவிட்டு போன் செய்திருந்தாள். சங்கு ஊதியபோது ரெஜிஸ் பின்பக்கம் மீனுக்கு மாவு கலந்துகொண்டிருந்தான். மாவுக் கையோடு ஓடிவந்து அக்காவிடம் சாவி கேட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டான்.

வாண்டா சாவியை அவனிடம் தூக்கிப் போட்டாள். "பிரைட்-டிப்பா இருக்கும். குழா கழுவுற தண்ணி. கதவுலயே லேபிள் ஒட்டியிருக்கேன், பாத்துட்டு உள்ள போ."

அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைக்குக் காரணம் உண்டு. ஜனவரியில் அரசாங்க ஆய்வாளர் ஒருவர் வந்து, தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் ஆபத்து லேபிள் இல்லை என்று எச்சரித்துவிட்டுப் போனார். பெரிய டிரம்மில் வரும்போது அதில் எல்லாம் அச்சடித்துத்தான் வருகிறது. ஆனால் அதைத் தொட்டியில் ஊற்றிய பிறகு தொட்டி வெறும் தொட்டிதான். விட்டோரி ஒரு சுருள் வெற்று லேபிள் வாங்கிவந்து வாண்டாவின் மேஜையில் வைத்தார். முனையில் நிமிர்த்தி வைத்த சாய்சதுரம், உள்ளே நாலு கட்டம். நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை. 'உனக்குத்தான் கையெழுத்து அழகு' என்றார்.

கட்டத்தில் எதை எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்பது அவர் போன வேகத்திலேயே தெரிந்தது. சரக்கு அனுப்புகிற கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புக் குறிப்பு அனுப்பியிருந்தன. வாண்டா இரண்டு மாலை உட்கார்ந்து அவற்றைப் படித்தாள். ஒவ்வொன்றிலும் ஆபத்து எந்த வகை என்று எண் போட்டிருந்தது. பிரைட்-டிப்புக்கு எதிரே கொட்டை எழுத்தில் 'அபாயம்' என்றும், உடம்புக்கு வகை ஒன்று என்றும் இருந்தது. ஒன்றாம் வகை என்றால் எல்லாவற்றிலும் கொடியது என்று அதே தாளில் விளக்கமும் இருந்தது. நீலக் கட்டம் உடம்புக்கு, சிவப்பு தீக்கு, மஞ்சள் வெடிப்புக்கு என்று சுருளின் அட்டையில் படம் போட்டிருந்தது. கட்டம் ஓர் எண்ணைக் கேட்டது, தாளில் ஓர் எண் இருந்தது. நீலத்தில் அழகாக ஒன்று என்று எழுதினாள். தீப்பிடிக்காத சரக்கு, ஆகவே சிவப்பில் பூஜ்யம்.

பிப்ரவரியில் தீயணைப்புத் தலைவர் ஸ்டாஷ் சும்மா ஒரு சுற்று பார்க்க வந்தவர் கதவில் லேபிளைப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்த ஊரில் ஒருத்தியாவது ஒழுங்காக லேபிள் ஒட்டினாளே என்றார். வாண்டா அதை விட்டோரியிடம் இரண்டு முறை சொன்னாள்.

ஆகவே காலையில் தம்பி ஓடியபோது அவளுக்குப் பயமில்லை. கதவில் ஒன்று என்று பார்ப்பான். ஒன்று என்றால் கொடியது என்று எந்தத் தீயணைப்புக்காரனுக்கும் தெரியும். உடம்பு முழுக்க மூடும் உடுப்பும் காற்று உருளையும் இல்லாமல் உள்ளே போகமாட்டான்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். சிரித்துக்கொண்டே வந்தான். அப்பாடா என்று அவள் இருபத்து நாலைக் கூப்பிட்டாள்.

இப்போது தட்டோடு வந்து மைக் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். அவனுடைய கனத்த தீயணைப்புக் கால்சட்டை வெளியே வண்டியின் கண்ணாடியில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. காலில் ஒரு பழைய டிராக் பேன்ட்.

"என்னடா இது வேஷம்? பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி."

"நனைஞ்சு போச்சுக்கா. உங்க முதலாளி கஞ்சப்பய, இத்துப்போன வால்வை மாத்தாம வச்சிருக்கான். முட்டி போட்டுத்தான் மூட வேண்டியிருந்துச்சு."

வாண்டா மைக்கின் பொத்தானைக் கீழே தள்ளி அணைத்தாள்.

"முட்டி போட்டியா? அந்த உடுப்போடயா?"

எந்த உடுப்பு என்று கேட்டான் அவன். மீனை எலுமிச்சையில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக விவரித்தான். உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வழி. வலது பக்கம் காய்ந்த தரை. ஆனால் அங்கே நீலத்தில் நாலு போட்ட பீப்பாய் ஒன்று நின்றது. நாலைப் பார்த்ததும், கூட வந்த சக் மெக்கிலோயை வாசலிலேயே நிறுத்திவிட்டான். அந்தப் பக்கமே போகாமல் இடது பக்கமாகச் சுற்றி, ஈரத்தில் நடந்துபோய், முழங்கால் போட்டு வால்வை மூடிவிட்டு வந்தான். கையில் ரப்பர் உறை இருந்தது. முகமூடி எதற்கு, ஒரு புளித்த வாடை தவிர ஒன்றும் இல்லை.

"பயங்கரமான எடம்க்கா அது. நாலுங்கறது சாதாரணமா? அதை வாசப்பக்கத்துல கொண்டாந்து வச்சிருக்கானுங்க. தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

வாண்டா அவன் முகத்தையே பார்த்தாள். வாசலுக்கு வலது பக்கம் நிற்கிற பீப்பாய் எது என்று அவளுக்குத் தெரியும். மாதாமாதம் அவள்தான் அதற்குப் பணம் அனுப்புகிறாள்.

"அது தரை கழுவுற சோப்புடா."

"சோப்பா? சோப்புக்கா நாலு போட்டிருக்கீங்க?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்ப நான் சோப்புக்குப் பயந்துதான் ஊரைச் சுத்தி வந்தேனா? சக், இங்க வாய்யா, இதைக் கேளு."

"நாலுன்னா குறைச்சல்தானே. ஒண்ணுதான் மோசம்."

"யார் சொன்னா? பூஜ்யம் ஒண்ணுமில்ல, ஒண்ணு சும்மா, நாலுன்னா ஆளையே தூக்கிரும். முத வகுப்புலயே சொல்லிக் குடுத்துருவாங்க. நீ எழுதிட்டு நீயே மாத்திச் சொல்றியே. காலைலயே பியர் அடிச்சிட்டியா?"

அவன் கேலி செய்துகொண்டிருந்தான். அவளுக்கு அது காதில் விழவில்லை. தாளில் இருந்தது கண் முன்னால் நின்றது. ஒன்றாம் வகை, மிகக் கொடியது. அச்சில் இருந்தது. அவளே இரண்டு முறை படித்தாள். இவன்தான் தப்பாகச் சொல்கிறான். இவனுக்குப் பள்ளியிலும் கணக்கு வராது.

எழுந்து சமையல் கட்டு வழியாகப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துதான் போனாள். மீன் வறுக்கிற அடுப்புகளுக்கு எரிவாயு கொடுக்கிற பெரிய வெள்ளை டேங்க் அங்கே கம்பி வேலிக்குள் கிடந்தது. அதன் வயிற்றில் அதே சாய்சதுரம், எரிவாயு கம்பெனிக்காரர்கள் ஒட்டியது. ஆறு வருஷமாக அதன் பக்கத்தில் நின்றுதான் அவள் சிகரெட் பிடிக்கக்கூடாது என்று மற்றவர்களைத் துரத்துவாள். ஒருநாளும் அதைப் படித்ததில்லை.

சிவப்புக் கட்டத்தில் நாலு.

வாண்டா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தீப்பொறி விழுந்தால் இந்தத் தெருவே எழும்பிப் போகும். அதற்கு நாலு. அவளுடைய கணக்குப்படி அது சாதுவான சரக்காக இருக்கவேண்டும்.

இரண்டும் வேறு வேறு கணக்கு. சரக்குக் கம்பெனியின் தாளில் ஒன்று உச்சம், எண் ஏற ஏற ஆபத்து குறையும். இந்தச் சாய்சதுரத்தில் பூஜ்யம் ஒன்றுமில்லை, நாலு உச்சம். அவள் ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் கட்டத்தில் அழகான கையெழுத்தில் போட்டிருக்கிறாள். சோப்பைக் கண்டு ஓடச் சொல்லியிருக்கிறாள். அமிலத்தில் முழங்கால் போடச் சொல்லியிருக்கிறாள்.

பிரைட்-டிப் என்பது விற்பனைப் பெயர். தாளில் அதற்குள் இருப்பதன் பெயரும் இருந்தது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். அதற்குக் கீழே இருந்த ஒரு வரியும் இப்போது நினைவுக்கு வந்தது. அன்று அதைப் படித்துவிட்டு, கடவுளே என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியிருந்தாள். 'தோலில் பட்டால் பல மணி நேரம் வலி தெரியாமல் இருக்கலாம்.'

கால்கள் தாமாகவே அவளை உள்ளே கொண்டுபோயின. ரெஜிஸ் இரண்டாவது துண்டு மீனில் இருந்தான். எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். எதற்கு என்றான். முழங்காலுக்கு என்றாள்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு. மூணு மணிக்கு வழிபாடு இருக்கு, அங்க மணிக்கணக்கா நிக்கணும். உக்காரு, முட்டைக்கோஸ் சாப்பிடு."

"சொல்றதைக் கேளுடா."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது அவளுக்கு இன்னொன்றும் காதில் விழுந்தது. பக்கத்து மேஜையில் சக் மெக்கிலோய் தன் தட்டை வழித்துக்கொண்டே, சாப்பிட்டு முடித்ததும் நாலு பேர் போய் விட்டோரி தரையைத் தண்ணீர் அடித்துக் கழுவித் துடைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் பூட்ஸ் போதும், ஒண்ணுதானே என்றான்.

ரகசியமாகத் தம்பியை மட்டும் இழுத்துக்கொண்டு போக ஒரு வழி இருந்தது. அது ஒரு கணம் அவள் மனதில் வந்தது. காலில் ஏதோ பட்டிருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னால் போதும். யார் எழுதியது, என்ன எழுதியது என்று இத்தனை பேருக்குத் தெரியவேண்டியதில்லை. சக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

வாண்டா மைக்கின் பொத்தானை மேலே தள்ளினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. விட்டோரி கதவுல இருக்கற நம்பர் தப்பு."

எண் கூப்பிடுகிற அதே குரல்தான் முதலில் வந்தது. யாரோ, எழுபத்தி அஞ்சு எங்கேம்மா என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த வாக்கியத்தில் குரல் உடைந்தது.

"நான்தான் எழுதினேன். ஒண்ணு இல்ல அது. உள்ள இருக்கறது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். யாரும் அங்க போகாதீங்க. என் தம்பி அதுல முட்டி போட்டிருக்கான்."

ரெஜிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. தலைவர் ஸ்டாஷ் காசு வாங்குகிற மேஜையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, இளமையில் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். அமிலத்தின் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் அவர் முகத்தில் இருந்த இரத்தம் இறங்கியதை அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மேஜையைச் சுற்றி வர அவருக்குப் பொறுமையில்லை. தள்ளிவிட்டு வந்தார்.

"பேன்ட்டைக் கழட்டு."

"தலைவரே, பொம்பளைங்க..."

"கழட்டுடா."

முழங்கால் அப்படியொன்றும் மோசமாகத் தெரியவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியது போலிருந்தது. அதைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வளையம். முழங்காலுக்குக் கீழே வழிந்த தடம் கணுக்கால்வரை போயிருந்தது. ஸ்டாஷ் தொடவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் அவனை உட்கார வைத்து, குழாய்த் தண்ணீரை முழங்காலில் விடச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கு அமிலத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். வெறும் தீப்புண் என்று சொல்லிவிடாதே என்று இரண்டு முறை சொன்னார்.

வாண்டா அதற்குள் தன் சாவிக்கொத்தைத் தேடித் தம்பியின் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். தாளில் ஒரு மருந்தும் இருந்தது. கால்சியம் கலந்த பசை. போன மாதம் அவள்தான் வரவழைத்து அலுவலக அலமாரியில் வைத்தாள். விலையைப் பார்த்து விட்டோரி முகம் சுளித்தார். அலுவலகத்துக்குத் தெருப் பக்கம் தனிக் கதவு, தொட்டிக் கூடத்துக்குள் போகத் தேவையில்லை. சாவியைச் சக்கிடம் கொடுத்து, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொன்னாள். அவள் முடிப்பதற்குள் அவன் பாதி வழி ஓடிவிட்டிருந்தான்.

"என்ன ஆகும் தலைவரே?" என்று ரெஜிஸ் கேட்டான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்க வேண்டியிருந்தது. இன்னும் வலி இல்லை. ஆகவே அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

ஸ்டாஷ் வாண்டாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடங்கிய குரலில் சொன்னார். அது தோலோடு நிற்காது. உள்ளே இறங்கி எலும்புவரை போகும். போகிற வழியில் இரத்தத்திலுள்ள கால்சியத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் இதயம் அடிக்காது. ஆலையில் ஒருவனைப் பார்த்திருக்கிறார். தொடையில் தெறித்ததைத் துடைத்துவிட்டு, அன்று மாலைவரை வேலை செய்தான்.

அவனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

"நான் அந்தக் கதவு முன்னாடி நின்னேன் வாண்டா," என்றார் ஸ்டாஷ். "ஒண்ணுன்னு பாத்தேன். ஏதோ சோப்பு சமாச்சாரம்னு வண்டியில வைக்கற குறிப்பு அட்டையில எழுதிக்கிட்டேன். குழாயை அமிலத்துல முக்காம வேற எதுல முக்குவான்னு எனக்குத் தோணல பாரு."

அவள் சக் கொண்டுவந்த பசைக் குழலை வாங்கி, மீன் மாவு கலக்க வைத்திருந்த ரப்பர் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு, தம்பியின் முழங்காலில் பசையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று குழலில் போட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, அதில் ஏறி, பிட்ஸ்பர்க் சாலையில் பாதி தூரம் போனபிறகும் அவள் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். உறையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

பாலத்தைத் தாண்டும்போது ரெஜிஸ் பேச்சை நிறுத்தினான். அதுவரை, மருந்து நல்லா வேலை செய்யுதுக்கா, நீ வேணும்னா இறங்கி சிகரெட் புடிச்சுட்டு வா என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தவன். கட்டிலின் கம்பியைப் பிடித்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது.

"அக்கா."

"என்னடா?"

"எலும்புக்குள்ள யாரோ ஆணி அடிக்கறாங்க."

அதற்குப் பிறகு அவன் வார்த்தையாக எதுவும் சொல்லவில்லை. வாண்டா அவனுடைய அந்தச் சத்தத்தை அதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போன நாளில். ஆம்புலன்ஸ்காரன் ஊசி ஒன்றை ஏற்றினான், ரெஜிஸின் இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தான், ஓட்டுநரிடம் கண்ணாடி வழியாக ஏதோ சொன்னான். வண்டியின் வேகம் கூடியது.

ஆஸ்பத்திரியில் அவனைக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அரைமணி நேரம் கழித்து உள்ளே ஒரு மணிச்சத்தம் விடாமல் அடித்தது. செவிலிகள் ஓடினார்கள். வாண்டா எழுந்து நின்றாள். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை. கையில் இன்னும் அந்த மஞ்சள் ரப்பர் உறை இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒரு செவிலி வந்து தானே கழற்றி, ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு போனாள்.

மணிச்சத்தம் நின்றது. எதனால் நின்றது என்று சொல்ல யாரும் வரவில்லை.

வெளியே வெளிச்சம் சாயத் தொடங்கியபோது மருத்துவர் வந்தார். இளம் பெண், கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. இதயம் இரண்டு முறை தடுமாறியது என்றார். கால்சியத்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டே இருக்கிறோம், இப்போது ஒழுங்காக அடிக்கிறது, ராத்திரி முழுக்கக் கூடவே இருப்போம். முழங்காலில் கொஞ்சம் சதையை வெட்டி எடுக்க வேண்டிவரும். கால் மிஞ்சும். வலி வருவதற்கு முன்னாலேயே மருந்து போட்டுக் கிளம்பிவிட்டீர்கள், அதுதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு, எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.

வாண்டா வாயைத் திறந்தாள். சோப்பு என்றாள்.  மருத்துவர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

உள்ளே விட்டபோது ரெஜிஸ் கண்ணை மூடிப் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. முழங்காலுக்கு மேல் கூடாரம் போலத் துணி கட்டியிருந்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  கைபேசி அடித்தது. ஸ்டாஷ்.

முதலில் ரெஜிஸைப் பற்றிக் கேட்டார்.  மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு மாவட்டத்திலிருந்து ரசாயன விபத்துக் குழு வந்திருக்கிறது என்றார், தெருவை அடைத்தாயிற்று, சக் மெக்கிலோயையும் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டார், அவன் மேல் படவில்லை.

"கதவுல இருந்த உன் லேபிளைக் கிழிச்சாச்சு. இப்ப என்ன எழுதணும், நீயே சொல்லு. அவங்க தாளும் கையுமா நிக்கறாங்க."

"நாலு."

"சத்தமா சொல்லும்மா. இங்க இன்ஜின் ஓடுது."

"நாலு. நீலத்துல நாலு."

கட்டிலில் அசைவு தெரிந்தது. ரெஜிஸ் கண்ணைத் திறக்காமலே பேசினான். குரல் காய்ந்த இலை போல இருந்தது.

"மைக்குல கூப்பிடறப்ப இருக்கற சத்தம் எங்கக்கா போச்சு?"

அவள் கைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். சிரிப்பு வந்ததா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அவன் கையை நீட்டினான், ஊசி குத்தாத கையை. அவள் பிடித்துக்கொண்டாள்.

"நாலுன்னு இருந்திருந்தா," என்றான் மெதுவாக, "நான் அந்தக் கதவையே தொறந்திருக்க மாட்டேன்."

திட்டவில்லை. சும்மா சொன்னான். அவன் அப்படிச் சும்மா சொன்னதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கைபேசிக்குள் ஸ்டாஷ் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காதில் வைத்தாள்.

"வாண்டா, இருக்கியா? இவங்க ஒண்ணு கேக்கறாங்க. உள்ள பின்னாடி ஒரு அறை பூட்டியிருக்கு. கதவுல நீலத்துல ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு. அதை நம்பி உள்ள போலாமா?"

அந்த அறையில் என்னென்ன வைத்திருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். தட்டுத் தட்டாக, பீப்பாய் பீப்பாயாக. எல்லாவற்றிலும் அவளுடைய அழகான கையெழுத்து.

"யாரையும் உள்ள விடாதீங்க," என்றாள். இந்தத் தடவை இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படியாகவே சொன்னாள். "அங்க எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்."